டைரக்டருக்குப் பேர் இல்லை

வேலைக்குப் போன புதிதில் சிலர் கோப்பைத் தொலைப்பார்கள். சிலர் கணினி மேல் தேத்தண்ணியைக் கொட்டுவார்கள். நான் கம்பெனியின் டைரக்டரை வாசலோடு திருப்பி அனுப்பினேன். வாய் தவறி நடந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாகச் சொல்லி, கையை நீட்டி வெளியே போகிற வழியையும் காட்டித்தான் அனுப்பினேன். அப்போது நான் அங்கே சம்பளத்துக்கு இருக்கிற ஆள்கூட இல்லை. இரண்டு மாதப் பயிற்சிக்கு வந்திருந்த கேம்பஸ் பிள்ளை.

அந்தப் பயிற்சிக்குக் கொழும்புத் தலைமை அலுவலகம் வைத்திருந்த பெயர் 'கோடைகாலப் பயிற்சித் திட்டம்'. எங்கள் மலைப் பக்கத்தில் மழைக்காலம் உண்டு, காற்றுக்காலம் உண்டு. கோடை என்று ஒன்றை நாங்கள் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தோம். தேர்வான கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அப்பா, "கோடைன்னா நம்ம கணக்குக்கு எந்த மாசம் புள்ள?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஆக, அப்புத்தளைப் பக்கம் காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற மாதத்தில், ஸ்வெட்டரும் மப்ளருமாக, பதுளைக்குக் கோடைகாலப் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பிஸ்கட், சவர்க்காரம், சூப் பாக்கெட் விற்கிற கம்பெனி அது. பதுளையில் அதன் ஊவா மாகாண அலுவலகம். முன்பக்கம் கண்ணாடிக் கதவும் ஏசியும் (பதுளையில் எதற்கு ஏசி என்று முதல் நாளே கேட்டேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை), பின்பக்கம் ஸ்டோர்ஸும் லொறிகள் நிற்கிற முற்றமும். அங்கே எனக்கு மேலே இருந்தவர் பிராந்திய முகாமையாளர் சிவநேசன் சார். பதுளை பசாரில் மூன்று தலைமுறையாகப் புடவைக் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை. கடையில் உட்காரப் பிடிக்காமல் கம்பெனி உத்தியோகத்துக்கு வந்தவர், நல்ல மனிதர். நான் போகும்வரை நிம்மதியாகவும் இருந்தார்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்க வேண்டும். கோபமாக எழுதிய மின்னஞ்சலை ஏன் 'அன்புடன்' என்று முடிக்கிறார்கள்? பக்கத்து மேசையில் இருக்கிறவரிடம் ஏன் ஃபோனில் பேசுகிறார்கள்? கூட்டம் முடிந்த பிறகு, அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேச இன்னொரு கூட்டம் எதற்கு? சிவநேசன் சார் முதல் வாரம் சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். இரண்டாம் வாரம் சிரிக்காமல் சொன்னார். மூன்றாம் வாரத்தில் நான் வருவதைக் கண்டால் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுபக்கத்தில் யாரும் இல்லாமலேயே பேச ஆரம்பித்தார். (ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஃபோன் மணியடித்துவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை, எனக்கும் இங்கிதம் உண்டு.)

ஆனால் அவரிடம் நல்ல பெயர் வாங்கியே ஆக வேண்டிய நிலைமை எனக்கு இருந்தது. பயிற்சி முடிந்ததும் பதுளை அலுவலகத்தில் ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது, அவர் சிபாரிசு செய்தால் அது எனக்கு. என் அம்மா லுணுகலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மலையில் ஏறி ஏறி முழங்கால் இரண்டும் போய்விட்டது, படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். "ஓன் மொத சம்பளம் கைக்கு வர்ற அன்னைக்குக் கூடைய எறக்கி வெச்சிருவேன்" என்று சொல்லியிருந்தார். அதனால் நான் அலுவலகத்தில் ஒவ்வொரு நாளும் அந்தக் கூடையை நினைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

வினை ஒரு மின்னஞ்சலாக வந்தது. பதுளை அலுவலகத்தின் காலைக் கூட்டம் ஒரு மணி நேரம் இழுக்கிறது, விற்பனைப் பிரதிநிதிகள் கடைகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் மதியமாகிவிடுகிறது என்று கொழும்பில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். இனிமேல் நின்றுகொண்டே ஐந்து நிமிடத்தில் கூட்டத்தை முடிக்க வேண்டுமாம். அது எப்படி நடக்கிறது என்று பார்க்க, அடுத்த வெள்ளிக்கிழமை டைரக்டர் மேடமே வருகிறாராம்.

சிவநேசன் சார் என்னைக் கூப்பிட்டார். தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"மிஸ், இது மொத்தத்தையும் நீங்கதான் எடுத்துச் செய்யணும். காலையில எல்லாரும் முத்தத்துல வந்து நிப்பாங்க. பேர் கூப்புடுறோம், யார் யாருக்கு எந்தப் பக்கம் வேலைன்னு சொல்றோம், அனுப்பிர்றோம். உக்கார்றது கெடையாது, பேசிக்கிட்டு நிக்கிறது கெடையாது. வெளங்குச்சா?"

"சார், இது பெரட்டு சார்" என்றேன்.

பசாரில் பிறந்து வளர்ந்த மனிதர் பெரட்டை எங்கே கண்டார்! தோட்டத்தில் விடிகாலையில் தொழிலாளர்களைக் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு இந்த மலை, இன்றைக்கு அந்த மலை என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. என் அப்பா கங்காணி. நான் பிறந்ததிலிருந்து அவர் பெரட்டில் போடுகிற சத்தத்தில்தான் கண் விழித்திருக்கிறேன். சார் அதையெல்லாம் கேட்கவில்லை. "ஆங், அதேதான், அப்பிடியே ஒன்னு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார்.

எனக்கு வேலை கிடைக்க வழி திறந்துவிட்டது என்ற சந்தோஷம் பாதி. டை கட்டினவர்களுக்குப் பெரட்டு வைத்தால் என்னதான் நடக்கும் என்று பார்க்கிற ஆசை மற்றப் பாதி. இல்லை, உண்மையைச் சொன்னால் ஆசைதான் முக்கால்வாசி.

கிழமை நாட்களில் பதுளையில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கியிருந்தேன், சனிக்கிழமை வேலை முடிந்ததும் வீடு. அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பிடித்துக்கொண்டார். தொழிற்சங்கத் தலைவருக்கு வரவேற்புக் கொடுக்கச் சொன்னபோதுகூட அவ்வளவு தீவிரமாக இருந்ததில்லை.

"மொதல்ல சங்கு வேணும். சங்கு இல்லாட்டி ஆள் வராது. பேப்பரப் பாத்து வாசிக்கக் கூடாது, பேரெல்லாம் மனசுல இருக்கணும். எடத்த ஒரு தடவதான் சொல்லணும், ஏன் எதுக்குன்னு கேட்டான்னா அவன் கடைசி. பிந்தி வந்தா பேர் கெடையாது, திருப்பி அனுப்பிரு. ஒருத்தனுக்கு எறங்குனன்னு வையி, நாளைக்கு ஊரே பிந்தி வரும்."

(தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். பேர் இல்லை என்றால் அன்றைக்கு வேலையும் இல்லை, வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான்.)

"அப்பா, தோட்டத்துத் தொரையே பிந்தி வந்தா?" என்று கேட்டேன். என் வியாதி சும்மா விடுமா?

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தொரை பிந்தி வர மாட்டாரு. பிந்தி வந்தா அது தொரை இல்ல."

அடுப்படியிலிருந்து அம்மா ஏதோ முணுமுணுத்தார். அது அப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும், சட்டென்று வெளியே போய்விட்டார். எனக்கு அது விளங்கவில்லை, கேட்கவும் நேரமில்லை. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை முதல் பெரட்டு. சங்குக்கு எங்கே போவது? லொறி ஓட்டுநரிடம் சொல்லி, சரியாக ஏழரைக்கு ஹோர்னை அழுத்திப் பிடிக்கச் செய்தேன். ஆட்கள் வந்தார்கள், எங்கள் ஆட்கள் மட்டுமல்ல. நெருப்புப் பிடித்துவிட்டதாக நினைத்துப் பக்கத்து இரும்புக் கடைக்காரரும் வாளியோடு வந்தார். அவரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு, ஒரு பிஸ்கட் பெட்டி மேல் ஏறி நின்று, அப்பாவின் குரலை என் தொண்டையில் வரவழைத்துக் கத்தினேன்.

"நிஹால்!"

"இருக்கேன் தங்கச்சி!"

"ஹல்துமுல்லை!"

நிஹால் அண்ணன் வயதில் எல்லோருக்கும் மூத்த பிரதிநிதி. சிங்களவர், தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். "ஹல்துமுல்லையா, நேத்தும்..." என்று ஆரம்பித்தார். "கடைசி!" என்றேன். சிரித்துக்கொண்டே கடைசியில் போய் நின்றார். மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரக் கூட்டம் ஆறு நிமிடத்தில் முடிந்து, முற்றத்தில் லொறிப் புகை மட்டும் மிச்சம் இருந்தது. சிவநேசன் சார் ஜன்னலில் நின்று இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினார்.

புதன்கிழமை ரூபன் பிந்தி வந்தார். அப்புத்தளைக்காரர், தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர், எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. "அப்புத்தளையில பனி மிஸ், ஒன்னுமே தெரியல" என்றார். தலைமுடி ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஈரம். "பிந்தி வந்தவங்களுக்கு இன்னைக்குப் பேர் இல்ல. வீட்டுக்குப் போங்க. நாளைக்கு ஏழரைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வியாழக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றார். சார் எனக்குக் கன்டீனில் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். "மிஸ், மேடம் மட்டும் இதப் பாத்தாங்கன்னா ஒங்க வேல நிச்சயம்" என்றார். அன்றிரவு விடுதியில், கூடையை இறக்கி வைத்த அம்மா பகலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதுபோல் கனவு வேறு கண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேடம் பண்டாரவளையில் தங்கியிருக்கிறார், எட்டரை மணிக்கு வருவார் என்று கொழும்பிலிருந்து தகவல். பெரட்டை எட்டரைக்குத் தள்ளி வைக்கலாமா என்று சார் கேட்டார். "சார், சங்கு நேரத்த மாத்தக் கூடாது. தொரைன்னா நேரத்துக்கு வருவாங்க" என்று அடித்துச் சொன்னேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் ஏழு மணியிலிருந்தே முன்வாசலில், பிரதான வீதியைப் பார்த்தபடி, மேடத்துக்குக் கொடுத்து வரவேற்க வெற்றிலைக் கட்டோடு நின்றார். நான் பின் முற்றத்தில் பிஸ்கட் பெட்டி மேல் ஏறினேன். லொறி ஊளையிட்டது, பெயர் கூப்பிட ஆரம்பித்தேன்.

பாதியில் பின்வாசல் வழியாக ஒரு பெண் உள்ளே வந்தார். தொப்பி, பழைய ஜம்பர், ஓட்டப் பயிற்சிக்குப் போடுகிற சப்பாத்து, முதுகில் பை. அன்றைக்குச் சூப் பாக்கெட்டைக் கடைகளில் ருசி காட்டுவதற்காக ஒரு பெண் புதிதாக வேலைக்கு வர வேண்டியிருந்தது. முதல் நாளே பிந்தி வருகிறாளே, இவள் எப்படிச் சூப் ஊற்றி வியாபாரத்தை வளர்க்கப் போகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது.

கையைத் தூக்கி நிறுத்தினேன். "நில்லுங்க. பிந்தி வந்தவங்களுக்கு இன்னைக்குப் பேர் இல்ல."

அவர் விளங்காமல் பார்த்தார். அதையே சிங்களத்திலும் சொன்னேன், பிறகு தெரியாது என்று சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

"நான் கொழும்பிலிருந்து வருகிறேன்" என்றார் சிங்களத்தில்.

"எங்கிருந்து வந்தாலும் நேரம் ஒன்றுதான். அப்புத்தளைக்காரரே நேரத்துக்கு வந்து நிற்கிறார்" என்று ரூபனைக் காட்டினேன். ரூபன் ஏனோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஹால் அண்ணன் இருமத் தொடங்கினார். சாதாரண இருமல் இல்லை, உயிர் போகிற இருமல். கண்ணையும் உருட்டினார். "நிஹால் அண்ணே, மேலுக்கு முடியாட்டி டிஸ்பென்சரிக்குப் போங்க, பெரட்டுல இருமக் கூடாது" என்றேன். அவர் இருமலை நிறுத்திக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அவருக்கு மட்டும்தான் மேடத்தின் முகம் தெரியும், வருடாந்த விற்பனை மாநாட்டில் விருது வாங்கியவர்.

அந்தப் பெண் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அது கோபப் பார்வை இல்லை. கடையில் புதிதாக ஒரு பொருளைக் கண்டால் திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, அந்தப் பார்வை.

"அப்படியென்றால் நான் என்ன செய்ய வேண்டும்?"

"வீட்டுக்குப் போங்கள். நாளைக்கு ஏழரைக்கு வந்தால் பேர் போடுகிறேன்."

"நாளைக்குச் சனிக்கிழமை."

"எங்களுக்கும் சனிக்கிழமைதான்" என்று சொல்லி, வெளியே போகிற வழியைக் காட்டினேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மிச்சப் பெயர்களை இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்திக் கூப்பிட்டேன்.

பெரட்டு கலைந்துகொண்டிருந்தபோது சிவநேசன் சார் வெற்றிலையும் கையுமாகப் பின்னால் ஓடி வந்தார். மேடத்தின் ஓட்டுநர் அவருக்கு ஃபோன் எடுத்திருந்தார். காலைக் கூட்டத்தைப் பார்க்க மேடம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, முன்பக்கம் வாகனம் நிறுத்த இடமில்லாததால் பின்வாசலில் இறங்கிப் போனாராம். போன வேகத்தில் திரும்பி வந்து, "இன்றைக்கு எனக்குப் பேர் இல்லையாம், ஹோட்டலுக்கே விடு" என்று சொல்லி ஏறிக்கொண்டாராம். இப்போது வாகனம் பண்டாரவளை வீதியில் போய்க்கொண்டிருக்கிறதாம், மேடம் ஃபோனை அணைத்துவிட்டாராம்.

"யாரு? யாரு மேடத்தத் திருப்பி அனுப்புனது?" என்று சார் கேட்டார். ஒருவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் பிஸ்கட் பெட்டி மேல் நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. வெற்றிலைக் கட்டை மெதுவாக லொறியின் பானட் மேல் வைத்தார். "மிஸ், நாளைக்கு வர வேணாம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "நாளன்னைக்கும் வேணாம்" என்றார்.

விடுதிக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே லுணுகலை பஸ்ஸில் ஏறினேன். பட்டப்பகல், எல்லோரும் வேலைக்குப் போயிருக்கிற நேரம். பசறை தாண்டியதும் மலைகளில் கொழுந்து பறிக்கிறவர்கள் தெரிந்தார்கள். சின்ன வயதில், அப்பா திருப்பி அனுப்புகிற பெண்கள் வெறுங்கூடையோடு லயத்து வீட்டுக்குத் திரும்பி நடப்பதை வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். அவர்கள் வழியில் என்ன நினைப்பார்கள், வீட்டுக்குப் போய் என்ன செய்வார்கள் என்று எத்தனையோ கேள்வி கேட்கிற நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, பக்கத்தில் இருந்தவர் சளி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்.

சாயங்காலம் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வேலை போச்சு, டைரக்டரையே திருப்பி அனுப்பிவிட்டேன், எல்லாம் உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, நெற்றியைச் சுருக்கி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன நிமிசம் பிந்துனாங்க?"

"நாலு நிமிசம் இருக்கும்."

"நாலா? அப்ப சரிதான்."

அம்மா கையிலிருந்த அகப்பையை அடுப்பு மேடையில் டொக்கென்று வைத்தார். "சரிதானாமில்ல! பொண்டாட்டியவே திருப்பி அனுப்புன மனுசனுக்கு டைரக்டர் எம்மாத்தரம்?"

அப்போதுதான் அந்தக் கதை எனக்குத் தெரிய வந்தது. நான் முதலாம் வகுப்புக்குப் போன முதல் நாள். எனக்குத் தலை வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டிவிட்டு அம்மா பெரட்டுக்கு ஓடியிருக்கிறார், கொஞ்சம் பிந்திவிட்டது. அப்பா எல்லோர் முன்னாலும், "பிந்தி வந்தவங்களுக்குப் பேர் இல்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அம்மா வெறுங்கூடையோடு திரும்பி வந்துவிட்டார். சாயங்காலம் அப்பா கைகால் கழுவிவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபோது, சட்டியை மூடி வைத்துவிட்டு, "பிந்தி வந்தவங்களுக்கு இன்னைக்குச் சோறு இல்ல" என்று சொன்னாராம்.

"நேரத்துக்குத்தான வந்தேன்" என்றார் அப்பா. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவருக்கு அந்த ஆதங்கம் தீரவில்லை.

"என் கடியாரத்துல பிந்திருச்சு" என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "அழுவாத. கூட இன்னும் கொஞ்ச நாள் முதுகுல இருந்துட்டுப் போவுது" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் அழுகை வந்தது.

மறுநாள் காலை, வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நிஹால் அண்ணன் ஃபோன் எடுத்தார். பின்னால் ஏதோ இரைச்சல்.

"தங்கச்சி, ஒடனே வாங்க! மேடம் வந்துட்டாங்க. ஏழேகாலுக்கே வந்து, எனக்கும் ரூபனுக்கும் நடுவுல வரிசையில நிக்கிறாங்க. பேர் போடுற ஆள் எங்கன்னு கேக்குறாங்க!"

ஓடினேன். பஸ் வரவில்லை. வந்த பஸ்ஸும் பசறையில் நின்றது, ஓட்டுநர் இறங்கிப் போய் ஆற அமர ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டார். நான் ஜன்னல் வழியாக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கிடையில் அங்கே சிவநேசன் சார் தானே பெட்டி மேல் ஏறிப் பெரட்டு நடத்தப் பார்த்திருக்கிறார். 'அனைவருக்கும் காலை வணக்கம்' என்று தொடங்கி, கம்பெனியின் வரலாற்றில் கால் மணி நேரம் நின்றுவிட்டாராம். அந்தப் பெண்ணை ஏன் அனுப்பினீர்கள் என்று மேடம் கேட்டதற்கு, "உங்களைத் திருப்பி அனுப்பியதற்காக" என்றாராம். "நான் பிந்தித்தானே வந்தேன்?" என்றாராம் மேடம். சார் பெட்டியை விட்டு இறங்கிவிட்டாராம்.

நான் மூச்சு வாங்க முற்றத்துக்குள் நுழைந்தபோது பெரட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. சனிக்கிழமை கணக்கு ஒப்படைக்கிற நாள் என்பதால் எல்லோரும் இருந்தார்கள். பிஸ்கட் பெட்டி மேல், அதே தொப்பியோடு, மேடம் நின்றுகொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, நிஹால் அண்ணனிடம் காலையிலிருந்து கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிய தமிழில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"பிந்தி. வந்தவங்களுக்கு. இன்னைக்கு. பேர் இல்ல. வீட்டுக்குப் போங்க."

முற்றம் சிரிப்பில் அதிர்ந்தது. இரும்புக் கடைக்காரர் மறுபடியும் எட்டிப் பார்த்தார். மேடம் வெளியே போகிற வழியைக் கையால் காட்டினார், நான் காட்டியது மாதிரியே. பிறகு நிஹால் அண்ணனைத் திரும்பிப் பார்த்து மிச்சத்தையும் ஞாபகப்படுத்திக்கொண்டு, "திங்கக்கிழமை. ஏழரைக்கு. வாங்க" என்றார்.

பஸ் நிலையத்துக்குத் திரும்பி நடந்தேன். நேற்றைக்கு நடந்த அதே பாதை. ஆனால் இன்றைக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று இருந்தது.

திங்கட்கிழமை நான் போனபோது வாசல் கேட்டே திறந்திருக்கவில்லை, காவல்காரர் என்னைக் கண்டு பயந்துவிட்டார். மேடம் கொழும்புக்குப் புறப்படுமுன் என்னோடு கொஞ்சம் பேசினார். என் வியாதிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? வெள்ளிக்கிழமை ஏன் யார் என்று சொல்லாமலே திரும்பிப் போனீர்கள் என்று கேட்டேன். முதலில் கோபம்தான் வந்ததாம், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தாராம். ஆனால் தன்னை யாராவது திருப்பி அனுப்பி எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்துப் பார்த்தாராம், ஞாபகமே வரவில்லையாம். திருப்பி அனுப்பினால் அடுத்து என்ன நடக்கும் என்று முழுவதும் பார்த்துவிடலாம் என்று ஹோட்டலுக்குப் போனாராம். "போய் நன்றாகத் தூங்கினேன்" என்றார்.

வேலை கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. கொழும்பிலிருந்து யாராவது வருகிற நாளில் நான் முற்றத்துப் பக்கமே போகக் கூடாது. சிவநேசன் சார் அதை எழுத்திலேயே கொடுத்தார். பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சி அறிக்கையில் 'கற்றுக்கொண்ட பாடங்கள்' என்று ஒரு பகுதி இருந்தது. மற்ற மாணவர்கள் தலைமைத்துவம், குழுச் செயற்பாடு என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். நான், "பிந்தி வருகிறவர் யார் என்று முதலில் விசாரிக்க வேண்டும்" என்று எழுதினேன். விரிவுரையாளர் அதன் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

முதல் சம்பளம் வந்த அன்று அம்மா சொன்னபடியே கூடையை இறக்கி வைத்தார். இப்போது அதைக் கவிழ்த்துப் போட்டுக் கோழிக்குஞ்சுகளை மூடுகிறார். பதுளை அலுவலகத்தில் காலைக் கூட்டத்துக்குக் கொழும்பு வைத்த பெயர் ஒருவருக்கும் ஞாபகமில்லை, சிங்களவர்களும் அதைப் பெரட்டு என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலோ, மீன் கருகினாலும், கரண்ட் போனாலும், யாராவது ஒருவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "எத்தன நிமிசம் பிந்துனாங்க?" என்று கேட்பார்கள்.

அப்பா மட்டும் இன்றுவரை அதை நகைச்சுவை என்று ஒப்புக்கொள்ளவில்லை. என் கல்யாணத்தன்று அது தெரிந்தது. லுணுகலை மாதா கோயிலில் பத்து மணிக்குப் பூசை. நான் கூறைப்புடவையில் கோயில் வாசலில் நிற்கிறேன், ஃபாதர் உள்ளே நிற்கிறார், மாப்பிள்ளையைக் காணோம். நேரம் ஓடிய பிறகு வேன் வந்து நின்றது. ரூபன் இறங்கி ஓடி வந்தார். (ஆமாம், அதே ரூபன்தான். திருப்பி அனுப்பியும் மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றவரை வேறென்ன செய்வது?) தலைமுடி ஈரமாக, எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது.

"மன்னிச்சுக்குங்க மாமா, அப்புத்தளையில ஒரே பனி..."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கையைத் தூக்கினார்.

"பிந்தி வந்தவங்களுக்கு..."

"ஏங்க" என்றார் அம்மா, குரலை உயர்த்தாமல். "அந்தப் பேச்ச மட்டும் முடிச்சீங்க, இன்னைக்கு ராத்திரி ஒங்களுக்குச் சோறு இல்ல."

தூக்கிய கை ஒரு நிமிடம் அந்தரத்தில் நின்றது. பிறகு அப்பா அதை அப்படியே கோயில் பக்கம் திருப்பி, வழியைக் காட்டினார்.

"உள்ள வாங்க மாப்ள" என்றார். "இன்னைக்குப் பனி அதிகந்தான்."